அம்பாசடர், பிரீமியர் பத்மினி: ஓர் ஒப்பீடு

அம்பாசடர், பிரீமியர் பத்மினி ஆகியவை இந்தியாவில் தயாரிக்கப்பட்ட, இருவேறு நாட்டு மரபுகளில் வந்த கார்கள் ஆகும். பிறந்த நாடுகளில் இவற்றின் மூல வடிவங்கள் நடுத்தரக் குடும்பங்களுக்கான வண்டிகளே. இறக்குமதித் தடையும் உற்பத்தி உரிமக் கட்டுப்பாடும் நிலவிய இந்தியாவில், பதிவு செய்து ஆண்டுக்கணக்கில் காத்திருந்து வாங்கியதால் இவை செல்வத்தின் அடையாளமாயின.

தோற்றம்

பிரித்தானியாவின் மோரிஸ் ஆக்ஸ்போர்டு காரின் அடிப்படையில், 1950களின் இறுதியில் இந்துஸ்தான் மோட்டார்ஸ் அம்பாசடரை வெளியிட்டது. மேற்கு வங்கத்தின் உத்தரபாராவில் இது தயாரானது. இத்தாலியின் ஃபியட் 1100 டிலைட் காரை மும்பையின் பிரீமியர் ஆட்டோமொபைல்ஸ் 1964 முதல் தயாரித்தது. 1974இல் அதற்குப் பத்மினி எனப் பெயரிட்டது.

வேறுபாடுகள்

அம்பாசடர் சுமார் 4.3 மீட்டர் நீளமுடையது. நீண்ட காலம் 1489 கன செ.மீ. பெட்ரோல் எஞ்சினுடன் வந்தது. அகன்ற பின்னிருக்கையும் உறுதியான உடலும் அமைச்சர்களுக்கும் கிராமச் சாலைகளுக்கும் ஏற்றதாயின. பத்மினி சுமார் 3.9 மீட்டர் நீளமும் 1089 கன செ.மீ. எஞ்சினும் கொண்டது. எடை குறைவு என்பதால் நெரிசலான நகரத் தெருக்களில் ஓட்டுவது எளிது. கொல்கத்தாவின் வாடகைக் காராக அம்பாசடரும், மும்பையில் பத்மினியும் நிலைத்தன.

முடிவு

போட்டியின்மையால் இரண்டின் அடிப்படை வடிவமைப்பும் பெரிதாக மாறவில்லை. 1983இல் வந்த மாருதி 800, குறைந்த எரிபொருளில் ஓடி இந்தக் குறையை வெளிப்படுத்தியது. பத்மினி 2000ஆம் ஆண்டையொட்டியும், அம்பாசடர் 2014இலும் உற்பத்தியை நிறுத்தின.