ஈடர் வாத்தின் தூவி

பறவையின் மேனியில் நம் கண்ணுக்குத் தெரிவது இறகு. அதற்கு அடியில், விறைப்பான தண்டு இல்லாமல் பஞ்சாகச் சுருண்டு கிடப்பது தூவி. ஆங்கிலத்தில் 'டவுன்' என்பார்கள். பழைய நார்ஸ் மொழியிலிருந்து போன சொல். பீச் பழத்தோலையும் கைக்குழந்தையின் தலைமுடியையும் 'டவுனி' என்று சொல்வது இதிலிருந்து வந்ததுதான். தூவிகளில் ஆக உயர்ந்தது ஈடர் என்ற கடல்வாத்தினுடையது. அதன் அறிவியல் பெயரில் இருக்கும் 'மொலிசிமா' என்ற லத்தீன் சொல்லுக்கே 'மிகமிக மெத்தென்றது' என்று பொருள்.

ஐஸ்லாந்தின் கடலோரத்தில் கோடை பிறந்ததும் பெண் ஈடர்கள் தரையிலேயே கூடு வைக்கும். நாலைந்து முட்டை இருக்கும். தாய் தன் மார்புத் தூவியைத் தானே அலகால் பிடுங்கிக் கூட்டுக்குள் பரப்பும். கூட்டுக்கு மெத்தை ஆயிற்று. தூவி போன இடத்தில் வெறும் தோல் படுவதால் உடம்புச் சூடும் நேராக முட்டைக்குப் போகிறது. அடைகாக்கும் சுமார் 25 நாளும் தாய் அநேகமாகப் பட்டினிதான். ஆண் கடலுக்குப் போய்விடும். தண்ணீர் குடிக்க எழுந்தால்கூட, தூவியை இழுத்து முட்டைகளைப் போர்த்திவிட்டுத்தான் தாய் நகரும்.

அந்த வெட்டவெளியில் காற்று ஓயாது. இலவம் பஞ்சாக இருந்தால் ஒரே வீச்சில் பறந்திருக்கும். ஈடர் தூவி பறக்காது. அதன் இழைகளிலிருந்து கிளைக்கும் நுண்ணிழைகளில் கண்ணுக்குத் தெரியாத கொக்கிகள் உண்டு. அவை ஒன்றையொன்று பற்றிக்கொள்கின்றன. ஒரு நுனியைப் பிடித்துத் தூக்கினால் மொத்தமும் கொத்தாக எழும். கைக்குள் இறுக்கிப் பிடித்துவிட்டு விரலைத் திறந்தால் மெல்ல உப்பிப் பழைய அளவுக்கு வந்துவிடும். இந்த உப்பலுக்குள் சிக்கி நிற்கும் காற்றுதான் குளிரைத் தடுக்கிறது. சாதாரண வாத்துத் தூவிக்கு இந்தப் பிடிமானம் கிடையாது.

இந்தத் தூவியை எடுக்கப் பறவையைக் கொல்வதோ உயிரோடு பிய்ப்பதோ இல்லை. தலைமுறைகளாகத் தூவி சேகரித்துவரும் கடலோரக் குடும்பங்கள் கூட்டிலிருந்து கொஞ்சம் எடுத்துக்கொண்டு ஈடுக்கு உலர்ந்த புல்லை வைப்பார்கள். மிச்சத்தைக் குஞ்சுகள் வெளியேறிய பிறகு எடுப்பார்கள். நரியும் மிங்க் என்ற கீரி போன்ற விலங்கும் நெருங்காமல் இரவும் பகலும் காவல் இருப்பதுதான் அவர்கள் தரும் கூலி. மனிதர் காவல் உள்ள இடம் பாதுகாப்பானது என்பதால் வாத்துகள் அங்கேயே திரளும். முரட்டுக் கடற்பறவைக்கும் மனிதனுக்கும் இப்படி ஓர் உடன்பாடு அமைந்திருப்பதை நினைத்தால் வியப்பாக இருக்கிறது.

சேர்த்த தூவியில் கடற்பாசி, புல், முட்டை ஓடு எல்லாம் கலந்திருக்கும். முதலில் சூடேற்றிக் குப்பையை மொறுமொறுப்பாக்குவார்கள். பிறகு மரச்சட்டத்தில் இழுத்துக் கட்டிய நரம்புகளின் மேல் தேய்ப்பார்கள். குப்பை உதிரும், தூவி மேலேயே நிற்கும். இன்று பெரும்பாலும் இயந்திரம் இதைச் செய்தாலும், கடைசியாகப் பொறுக்கி எடுப்பது கைதான். சுத்தம் செய்த ஒரு கிலோ தூவிக்குச் சுமார் 60 கூடுகள் வேண்டும்.