அறியாதார் அளித்த அமுது

வறியார்க்கு ஈதல் அறம் என்பதனைச் சைவநூல்கள் பலவாற்றானும் வற்புறுத்தும். இடருற்ற காலத்து முன்பின் அறியாதார் பயன் கருதாது அளிப்பதனை உளங்கொண்டு ஏற்றலும் ஓர் அறமே என்பது அத்துணை விளங்க உணரப்படுவதன்று. கொடுத்துப் பழகிய கை ஏற்கக் கூசும். அக்கூச்சத்தினை மானம் எனக் கருதுவார் பலர். அது மானந்தானோ, அன்றி மானத்தின் பெயரால் நிற்கும் ஆணவத்தின் செயலோ என்பது ஆராயற்பாலது.

இவ்வாராய்ச்சிக்கு ஏற்ற தலம் திருமுதுகுன்றம். அஃது இக்காலத்து விருத்தாசலம் என வழங்கப்பெற்று, பீங்கான் தொழிலாற் பெயர்பெற்று விளங்குவது. மணிமுத்தாற்றங்கரையில் பழமலைநாதரும் பெரியநாயகியம்மையும் எழுந்தருளியுள்ள இத்தலத்தின்கண் நிகழ்ந்தனவாகப் போற்றப்படும் கொடைகளுள் இரண்டு ஈண்டைக்கு வேண்டற்பாலன. ஒன்று பொன், மற்றொன்று சோறு.

பொன்னின் வரலாறு திருத்தொண்டர் புராணத்து ஏயர்கோன் கலிக்காம நாயனார் புராணத்துட் கூறப்படுவது. நம்பியாரூரர் பாடிப் பரவ, இறைவன் 12,000 பொன் அருளினான். அதனை மணிமுத்தாற்றில் இட்டுத் திருவாரூர்த் திருக்குளத்தில் எடுத்துக்கொள்ளுமாறு திருவருள் ஆயிற்று. நம்பிகள் அப்பொன்னில் மச்சம் வெட்டிக்கொண்டு, எஞ்சியதனை ஆற்றிலிட்டார். பின்னர் ஆரூரிற் குளத்தினின்றும் எடுத்து ஒப்புநோக்கியபோது மாற்றுக் குறைந்திருக்கக் கண்டு, மீட்டும் பாடி, அது நேராகப் பெற்றார். இறைவன்பால் தோழமை பூண்டார்க்கு இவ்வாராய்ச்சி உரிமையாயிற்று.

சோற்றின் வரலாறு குருநமசிவாயரைப் பற்றி வழங்குவது. அண்ணாமலைக் குகைநமசிவாயரின் மாணாக்கராகிய அவர் தில்லைக்குச் செல்லும் வழியில் இத்தலத்துத் தங்கிப் பசியால் வருந்தி, பெரியநாயகியம்மையை முதியவளாக வைத்துப் பாடி அன்னம் வேண்டினார். அம்மை முதியவள் வடிவில் தோன்றி, ‘கிழவி எங்ஙனம் சோறு கொணர்தல் கூடும்?’ என வினவினாள். அவர் அம்மையை இளையவளாகப் பாட, இளநங்கையாய் வந்து அமுதளித்தாள் என்ப.

இவ்விரண்டிடத்தும் பெறுவோர் கொடுப்போரை அறிந்தே வேண்டினர். கொடுப்போர் யாவர் என்பது அறியாவிடத்து நிகழ்வது யாது? அதற்கு நம்பியாரூரர் வரலாற்றிலேயே வேறிரண்டு நிகழ்ச்சிகள் உள. சீகாழியினின்றும் திருக்குருகாவூர்க்குச் செல்லும் வழியில் அவரும் உடன்வந்தாரும் பசியாலும் நீர்வேட்கையாலும் வருந்தினர். வழியிடையே ஒரு தண்ணிய பந்தர். அதன்கண் ஓர் அந்தணர். அவர் நம்பிகளின் பசியைத் தாமே குறிப்பறிந்து, பொதிசோறும் தண்ணீரும் அளித்தார். யாவரும் உண்டு கண்துயின்றனர், விழித்தபோது அந்தணரும் இல்லை, பந்தரும் இல்லை. திருக்கச்சூரில் பரிசனங்கள் வந்திலாமையால் நம்பிகள் பசியோடு திருவாயிற்புறத்து அமர்ந்திருந்தார். ஓடேந்திய வேதியர் ஒருவர் வந்து, அவரை அங்கேயே இருக்கச் செய்து, நண்பகல் வெப்பத்தில் வீடுதோறும் இரந்து சோறும் கறியும் கொணர்ந்தளித்து மறைந்தார். இருவழியும் ஏற்றது முன். வந்தவன் இறைவன் என அறிந்தது பின்.

ஈண்டு நோக்கற்பாலது ஒன்றுண்டு. பொன்னுக்கு மச்சம் வெட்டிய நம்பிகள் பொதிசோற்றினை ஐயுற்றிலர், ‘நீவிர் யாவிர்? எது கருதி அளிக்கின்றீர்?’ என வினாவினாரும் அல்லர். பொன்னுக்கு மாற்று உண்டு. பசித்தவிடத்து அன்பான் இடப்பட்ட சோற்றிற்கு உரைகல் இல்லை. அற்றேல் வஞ்சனையினின்றும் அருளை வேறுபிரித்தறிதல் யாங்ஙனம் எனின், அதற்குரிய அடையாளங்கள் இந்நிகழ்ச்சிகளிலேயே உள. இடர் சொல்லப்படுமுன் உணரப்பட்டது, கைம்மாறு பேசப்படவில்லை, ஒருவர்க்கேயன்றி உடன்வந்தார்க்கும் அளிக்கப்பட்டது, புகழ்மொழி கேட்டற்குக் கொடுத்தவர் நின்றிலர். இவை அமைந்துழி ஐயுறவு வேண்டா. இவற்றுக்கு மாறாக, கொடுத்ததனைக் காட்டிக் கட்டுப்படுத்துவது வாணிகமேயாம். அதனை மறுத்தல் குற்றமன்று.

இனி, ‘துன்பம் வினைப்பயன், அதனைத் தனித்து நுகர்ந்து கழித்தலே முறை, பிறர் உதவியை ஏற்றல் வினையைத் தடுப்பதாகாதோ?’ எனின், ஆகாது. வினை சடம், தானே வந்து பொருந்தமாட்டாது, இறைவன் கூட்டவே கூடும் என்பது சித்தாந்தத் துணிபு. இடரைக் கூட்டியவனே அவ்விடரிடைச் சோற்றையும் கூட்டுகின்றான். முன்னதனை ஊழென ஏற்றுப் பின்னதனைத் தள்ளுதல் நூற்கருத்தின் ஒரு பாதியை மட்டும் கைக்கொள்ளுதலாம்.

‘இரத்தல் இழிவன்றோ?’ எனின், திருவள்ளுவர் இரவு, இரவச்சம் என இரண்டு அதிகாரங்களை அடுத்தடுத்து 106, 107 என வைத்தமை நினைக்கத்தக்கது. முன்னையது கரவாத உள்ளத்தாரிடத்துச் சென்று கேட்டலை இழிவென விலக்கவில்லை. பின்னையது இரத்தற்கு அஞ்சுக என்கின்றது. கேட்டற்கே இடமுண்டாயின், கேளாமல் வந்ததனை ஏற்றற்கு இழிவு யாது? அவ்விடத்து மறுக்கச் செய்வது ‘யான் பிறர்க்குக் கடன்படேன்’ என்னும் முனைப்பே. அது நான் எனது என்னும் செருக்கின் வேறன்று.

மற்றொன்று. உதவினார் யாவரும் சிவமே என்று கூறி, கொடுத்த மனிதரை மறத்தலும் பிழையாம். உயிர் சிவமாகாது, சிவம் உயிரின்கண் வேறறக் கலந்து நின்று உதவுவது. கலத்திற்கு மண் முதற்காரணம், திரிகை துணைக்காரணம், குயவன் நிமித்தகாரணம் என்னும் உவமை பீங்கான் தொழிலுடைய இவ்வூரார்க்கு நன்கு விளங்கும். திரிகை தானே வனையாது. ஆயினும் திரிகையின்றிக் கலம் இல்லை. திரிகை சடம், கொடுப்போன் அறிவுடைய உயிர் ஆகலின் இது ஒருபுடை உவமையே. அவன் அருள்வழி நிற்க இசைந்தான் என்னும் சிறப்பு அவனுக்கு உண்டு. ஆகவே கொடுத்த கையினையும் வணங்குக. அக்கையினை இயக்கிய அருளினையும் வணங்குக.

இவை புராண காலத்தோடு ஒழிந்தன அல்ல. 2011-ஆம் ஆண்டு திசம்பர் 30-ஆம் நாள் கடலூர்க்கும் புதுவைக்கும் இடையே கரைகடந்த ‘தானே’ புயலால் கடலூர் மாவட்டத்து முந்திரித் தோப்புக்களும் பலாமரங்களும் வீழ்ந்தன, வீடுகள் சிதைந்தன. தம் தோட்டத்துப் பழத்தினைப் பிறர்க்கு ஈந்து வாழ்ந்தார் பிறர் தரும் அரிசியினைப் பெறும் நிலையினர் ஆயினர். அத்தகையார்க்குச் சொல்லத்தக்கது இது: திருவாயிற்புறத்துப் பசியோடிருந்த நம்பியாரூரர்க்கு வாராத இழிவு உமக்கும் வாராது.

சுடப்படாத பசுங்கலத்தில் வார்த்த நீர் கலத்தையும் கரைத்துத் தானும் சேறாம். பக்குவமில்லா உள்ளத்து வந்த உதவியும் அவ்வாறே ஐயமும் நாணமும் பகையுமாய்த் திரியும். இடர் என்னும் சூளையிற் பட்டு முனைப்பு நீங்கிய உள்ளமோ, அதனைத் தாங்கி நின்று பிறர் வேட்கையும் தணிக்கும். கொடுத்தார் மறைந்துவிட்டவழி அவர்க்குக் கைம்மாறு செய்தல் இயலாது. பந்தரிட்டுப் பொதிசோறு கட்டி, வழியில் வருவார்க்காகக் காத்திருத்தல் இயலும். அறியாதார் அளித்த அமுதினை உண்டார் செய்தற்குரிய வழிபாடு அதுவேயாம்.

திருச்சிற்றம்பலம்.