ஃபோல்டருக்குக் காவல் ஓர் எழுத்து

சாங்கியில் விமானச் சரக்கு அலுவலகம் ஒன்றில் வேலை பார்க்கும் வாசகர் எழுதியிருக்கிறார். ஐந்து பேர் தண்டர்பேர்டில் திறந்து வைத்திருக்கும் பொது மெயில் கணக்கில், ஒரு வாடிக்கையாளரின் ஃபோல்டர் மொத்தமும் இரவு ஷிஃப்டில் காணாமல் போய்விட்டதாம். யாரும் அழிக்கவில்லை என்கிறார்கள், இனி நடக்காமல் தடுக்க முடியுமா என்று கேட்கிறார்.

அவர்கள் சொல்வது உண்மையாகவே இருக்கலாம். இடப்பக்கப் பட்டியலில் கிளிக் செய்யும்போது மவுஸ் சற்று இழுபட்டால் போதும், ஃபோல்டர் பக்கத்து ஃபோல்டருக்குள் போய் உட்கார்ந்துகொள்ளும். பெயருக்கு முன்னால் இருக்கும் சின்ன அம்புக்குறிகளை ஒவ்வொன்றாக விரித்துப் பாருங்கள். டிராஷையும் விரியுங்கள், டெலீட் செய்த ஃபோல்டர் வழக்கமாக முதலில் அங்கேதான் போகும். அவுட்லுக் வைத்திருப்பவர்கள், வெளியேறும்போது டெலீட்டட் ஐட்டம்ஸைத் தானாகவே காலி செய்யும் வசதியை அணைத்துவிடுவது நல்லது.

தடுக்கும் வழி சர்வரில் இருக்கிறது. எனக்கு இதில் தனி மோகம். ஐமேப் கணக்கில் அசல் ஃபோல்டர் சர்வரில்தான் இருக்கும். அங்கே ஒவ்வொரு ஃபோல்டருக்கும், இன்னார் இன்னது செய்யலாம் என்று ஒற்றை ஆங்கில எழுத்துகளால் எழுதி வைக்கலாம். படிக்க ‘ஆர்’, புதிதாக மெயில் சேர்க்க ‘ஐ’. 1997-இல் வந்த முதல் விதிமுறையில், ஃபோல்டரையே அழிக்கும் உரிமை எந்த எழுத்துக்குள் அடங்கும் என்பது தெளிவாக இல்லை. சர்வருக்குச் சர்வர் மாறியது. 2005 டிசம்பரில் அதற்கென்றே ‘எக்ஸ்’ என்ற தனி எழுத்து வந்தது. வேடிக்கை என்னவென்றால், ஃபோல்டரை இடம் மாற்றவும் இதே ‘எக்ஸ்’ வேண்டும். ஆக, இந்த ஓர் எழுத்தை எடுத்துவிட்டால் டெலீட்டும் நடக்காது, மவுஸ் இழுப்பும் பலிக்காது. மெயில் படிப்பதும் பதில் போடுவதும் வழக்கம்போல நடக்கும். செராங்கூன் சாலை நகைக்கடையில் விற்பனையாளர் தட்டை எடுத்துக் காட்டுவார், பெட்டகச் சாவி முதலாளி இடுப்பில் இருக்கும், அந்த மாதிரி.

எல்லா மெயில் சேவையிலும் இது கிடைக்காது. டவ்காட், சைரஸ் சர்வர்களில் உண்டு. ஆனால் உரிமை ஆளுக்கு ஆள் தரப்படுவது. ஐந்து பேரும் ஒரே பாஸ்வேர்டில் நுழைந்தால் சர்வருக்கு அவர்கள் ஒரே ஆள்தான். எந்த எழுத்தை யாரிடமிருந்து எடுப்பது? பாஸ்வேர்டை மானிட்டரில் ஒட்டி வைத்துவிட்டு இரவு ஷிஃப்ட் பையன்மேல் பழி போடும் அலுவலகங்கள் இந்த ஊரில் குறைவில்லை. முதலில் ஆளுக்கொரு கணக்கு வாங்குங்கள். பிறகு ஐடி ஆளிடம் ‘எக்ஸ்’ஸை எடுக்கச் சொல்லுங்கள்.