உயில்ல பேர் இருந்த மரப்பொம்மை

(எபிசோடின் எழுத்து வடிவம். படிக்க வசதியா சில இடங்கள்ல சுருக்கியிருக்கோம்.)

இன்னைக்கு ஒரு உயில்ல இருந்து ஆரம்பிக்கலாம்.

1978 செப்டம்பர்ல எட்கர் பெர்கன்னு ஒரு அமெரிக்க மேடைக் கலைஞர் இறந்துபோறார். வயசு 75. உயிலைப் பிரிச்சுப் பாத்தா, மகள் கேண்டிஸ் பெர்கன் பேர்ல ஒண்ணும் இல்லை. ஆனா 10,000 டாலர் சார்லி மெக்கார்த்திக்காக ஒதுக்கியிருந்தார். சார்லி அவரோட பையன் இல்லை. மரத்துல செதுக்கின பொம்மை. பொம்மைக்கு பேங்க் அக்கவுண்ட் கிடையாதுங்கிறதால, நடிகர்கள் நல நிதி ஒண்ணு மூலமா அந்தப் பணம் போற மாதிரி எழுதி வெச்சிருந்தார்.

கேண்டிஸ் சாதாரண ஆள் இல்லை. அப்பவே பேர் வாங்கின ஹாலிவுட் நடிகை. ஆனா சின்ன வயசுல பத்திரிகைகள் அவங்களை 'சார்லியோட தங்கச்சி'ன்னுதான் எழுதுச்சு. அப்பா ஒரு முழங்கால்ல சார்லியையும் இன்னொரு முழங்கால்ல இவங்களையும் உக்கார வெச்சுக்குவாராம். மகளோட கழுத்துக்குப் பின்னாடி மெதுவா அழுத்துவார். இவங்க வாயைத் திறக்கணும், குரலை அப்பா குடுப்பார். இதெல்லாம் அவங்களே சுயசரிதையில எழுதியிருக்காங்க.

கேக்கவே ஒரு மாதிரி இருக்குல்ல? எனக்கும் அப்படித்தான் இருந்துச்சு. ஆனா இந்தப் பழைய மரப்பொம்மைகளைத் தேடித் தேடிச் சேக்கிறவங்களைப் பத்திப் படிக்கப் படிக்க, அந்த உயில் கொஞ்சம் கொஞ்சமா புரிய ஆரம்பிச்சுது. சேக்கிறவங்க இதை 'டம்மி'ன்னு சொல்ல மாட்டாங்க, 'ஃபிகர்'னுதான் சொல்வாங்க. நம்ம ஊர்ல ஃபிகர்னா வேற அர்த்தம் வந்துடும், அதனால நான் பொம்மைன்னே சொல்லிக்கிறேன்.

முதல்ல இது எப்படி வேலை செய்யுதுன்னு பாத்துடலாம். வென்ட்ரிலோக்விஸ்ட் தன் குரலைத் 'தூக்கி எறியறார்'னு சொல்வாங்க. அப்படி ஒண்ணும் கிடையாது. குரல் அவர் தொண்டையிலதான் இருக்கு. ஒரு சத்தம் எங்கேருந்து வருதுன்னு கண்டுபிடிக்க நம்ம மூளை காதைவிட கண்ணைத்தான் அதிகமா நம்பும். தியேட்டர்ல ஸ்பீக்கர் எங்கயோ இருக்கும், ஆனா ஹீரோ வாயிலேருந்து டயலாக் வர்ற மாதிரிதானே கேக்குது? அதேதான் இதுவும். எந்த வாய் அசையுதோ, குரலைக் கொண்டுபோய் அங்க ஒட்டிடும் மூளை.

அதனால கலைஞர் உதட்டை அசைக்கவே கூடாது. எங்க கஷ்டம்னா ப, ம, வ இதெல்லாம் வர்ற இடத்துல. உதட்டை ஒட்டாம 'அம்மா அப்பா'ன்னு சொல்லிப் பாருங்க. பஸ்ல கேட்டுக்கிட்டு இருந்தீங்கன்னா இறங்கினப்புறம் ட்ரை பண்ணுங்க. இவங்க என்ன பண்ணுவாங்கன்னா, ம வர்ற இடத்துல நாக்கைப் பல்லுக்குப் பின்னாடி வெச்சு ந மாதிரி ஒண்ணு சொல்வாங்க. ப-வுக்கு த மாதிரி ஒண்ணு. மிச்சத்தை நம்ம காதே சரிபண்ணிக்கும். தமிழ்ல உதடு ஒட்டாத எழுத்துகளை மட்டும் வெச்சே பாட்டு எழுதற ஒரு வகை இருக்கு, நிரோட்டகம்னு பேரு. சிவப்பிரகாச சுவாமிகள் திருச்செந்தூர் முருகன் மேல ஒரு முழு அந்தாதியே அப்படிப் பாடியிருக்கார். அதை ஒரு பொம்மைக்குக் குடுத்தா பிச்சு உதறும்.

இதுல ஒரு வேடிக்கை, பெர்கன் பேர் வாங்கினது ரேடியோவுல. 1937-லேருந்து 1956 வரைக்கும் ரேடியோ ஷோ. பாக்கவே முடியாத இடத்துல வாய் அசையாம பேசற வித்தை! அவர் உதடு நல்லாவே அசையும், அதைச் சார்லியே கிண்டலும் பண்ணும். ஜனங்களுக்கு வித்தை முக்கியமா படலை, சார்லிங்கிற ஆள்தான் முக்கியம். ஆஸ்கர்காரங்க 1938-ல பெர்கனுக்குக் குடுத்த சிறப்பு விருதுகூட மரத்துல செஞ்சது, அதுக்கு வாய் அசையும்.

மேடையில இருந்த கலைஞர்களுக்கு மூளையை ஏமாத்தற அந்த வாய் ரொம்ப சரியா அசைஞ்சாகணும். தச்சர் உள்ள வர்றது இங்கதான்.

பெரும்பாலும் பாஸ்வுட்னு ஒரு மென்மையான மரம். நார் அதிகம் தெரியாது, உளி இழுத்த இழுப்புக்கு வரும். தலையைச் செதுக்கி, உள்ளே குடைஞ்சு, தாடையைத் தனித் துண்டா பொருத்துவாங்க. வாய் ஓரத்துலேருந்து கீழ இறங்கற ரெண்டு கோடு, எல்லாப் பேய்ப் படத்துலயும் பயமுறுத்துமே, அது அந்தத் தாடை ஏறி இறங்கறதுக்கான இடைவெளிதான். கழுத்துக்குக் கீழ ஒரு கம்பு, அதுல சின்ன நெம்புகோல், அதுலேருந்து தாடைக்கு ஒரு கயிறு, மூடறதுக்கு ஒரு ஸ்பிரிங். உடம்பு காலியா இருக்கும். முதுகு வழியா கையை விட்டுக் கம்பைப் பிடிச்சா தலையைத் திருப்பலாம், கட்டைவிரலால பேச வைக்கலாம்.

சார்லியைச் செதுக்கினது சிகாகோவுல தியடோர் மேக்னு ஒரு மரவேலைக்காரர். அதே ஊர்ல அடுத்து வந்த ஃப்ராங்க் மார்ஷலோட பொம்மைன்னா சேகரிப்பாளர்களுக்கு இன்னைக்கும் கண்ணு பளிச்சுனு ஆகும். பால் வின்செலோட ஜெர்ரி மஹோனி, ஜிம்மி நெல்சனோட டேனி ஓ'டே எல்லாம் அவர் கைவேலை. ஒஹாயோ மாநிலத்துல ஹாரிசன்ங்கிற சின்ன ஊர்ல மெக்எல்ராய் சகோதரர்கள்னு ரெண்டு பேர் 1930-கள்ல இன்னும் ஒரு படி மேல போனாங்க. புருவம் தூக்கும், கண்ணடிக்கும், மேல் உதடு சுருங்கும். உள்ளே டைப்ரைட்டர் சாவி மாதிரி வரிசையா பொத்தான்கள். அதை ஓட்டறதுக்கு ஹார்மோனியம் வாசிக்கிறவர் விரல் வேணும்.

நெல்சன்கிட்ட ஃபார்ஃபெல்னு ஒரு நாய்ப் பொம்மையும் இருந்துச்சு. ஒரு சாக்லேட் பானத்தோட விளம்பரத்துக்கு ஆடிஷன். வேர்த்துப்போய் விரல் வழுக்கி, தாடை 'டக்'குனு மூடிக்கிச்சு. வேலை போச்சுன்னு அவர் நினைச்சார். கம்பெனிக்காரங்களுக்கு அந்தச் சத்தம்தான் பிடிச்சுது. அப்புறம் வந்த விளம்பரங்கள்ல எல்லாம் கடைசியில அந்த 'டக்' வரும்.

சரி, சேகரிப்புக்கு வருவோம். வில்லியம் ஷேக்ஸ்பியர் பெர்கர். நெஜமாவே அதுதான் அவர் பேரு. சின்சினாட்டி பக்கத்துல ஒரு டைல்ஸ் கம்பெனியை நடத்தினவர். 1910-ல நியூயார்க் போனப்ப 'டாமி பலோனி'ன்னு ஒரு பொம்மை வாங்கினார். அது வளர்ந்து வளர்ந்து வீடு பத்தலை, கார் ஷெட் போச்சு, அப்புறம் தனிக் கட்டடம். பொம்மைகளோட போஸ்டர், போட்டோ, உலகம் பூரா இருந்த கலைஞர்கள்கிட்டேருந்து வந்த கடிதங்கள் எல்லாத்தையும் வெச்சிருந்தார். எனக்கு அந்தக் கடிதங்கள்தான் பெரிய விஷயமா படுது. பொம்மை மட்டும் கையில இருந்தா அது யாரோட மடியில உக்காந்துச்சு, என்ன ஜோக் அடிச்சுச்சுன்னு எப்படித் தெரியும்?

அவர் மனைவியும் ஒரே மகனும் அவருக்கு முன்னாடியே இறந்துட்டாங்க. தனக்கப்புறம் இதெல்லாம் ஆளாளுக்குப் பிரிஞ்சு போயிடக் கூடாதுன்னு ஒரு டிரஸ்ட் ஏற்பாடு பண்ணினார். 1972-ல அவர் இறந்தார், அடுத்த வருஷம் கென்டக்கியில ஃபோர்ட் மிட்செல்ல 'வென்ட் ஹேவன்' மியூசியம் திறந்தாங்க. ஆயிரத்துக்கும் மேல பொம்மைகள். ஒரு கூட்டத்தை கிளாஸ்ரூம் மாதிரி வரிசையா நாற்காலியில உக்கார வெச்சிருக்காங்க, எல்லாம் உங்களையே பாத்துக்கிட்டு. போட்டோவுல பாத்தே எனக்குத் தூக்கம் போச்சு.

இதுல ஒரு சங்கடமும் இருக்கு. பழைய மேடைப் பொம்மைகள்ல நிறைய, கறுப்பின மக்களையும் குடியேறி வந்தவங்களையும் கேலி பண்றதுக்காகவே செதுக்கினது. அருமையான வேலைப்பாடுதான், ஆனா நோக்கம் அசிங்கம். ஒளிச்சு வெச்சா வரலாறும் ஒளிஞ்சுடும். விளக்கம் இல்லாம ஹாலுக்கு அழகா வைக்கிறது அதைவிட மோசம்னு நான் நினைக்கிறேன்.

ஆன்லைன்ல ஒண்ணு வாங்கலாம்னு யாருக்காவது தோணுச்சுன்னா, 'விண்டேஜ்'னு போட்டு விக்கறதுல பெரும்பங்கு குழந்தைங்க விளையாடின பொம்மைதான். சார்லி ஹிட் ஆனதும் 1930-கள்லயே மரத்தூளும் பசையும் கலந்து அச்சுல ஊத்தின சார்லி கடைக்கு வந்தாச்சு. அப்புறம் வினைல். கழுத்துக்குப் பின்னாடி ஒரு கயிறு தொங்குதா? இழுத்தா வாய் திறக்குதா? அது பொம்மைக் கடைச் சரக்கு. மேடைப் பொம்மைன்னா உள்ளே கை போக இடம் இருக்கணும், கம்பு இருக்கணும். தலைக்குள்ள டார்ச் அடிச்சா உளி போன தடம் தெரியணும்.

கிடைச்சுட்டா, தயவுசெஞ்சு பெயின்ட் அடிக்காதீங்க. கயிறு, ஸ்பிரிங் எல்லாம் வீணைக்குத் தந்தி மாத்தற மாதிரி, மாத்திக்கலாம். முகத்துப் பெயின்ட் அப்படி இல்லை. தாடை ஓரத்துல தேய்ஞ்சு மரம் தெரியும் பாருங்க, அது ஆயிரக்கணக்கான தடவை அந்த வாய் பேசின அடையாளம். அதைப் புதுசாக்கினா பொம்மையோட பாதி கதையைச் சுரண்டி எடுத்த மாதிரி. விலையும் அதோட விழும். ஈரக்காத்து இன்னொரு எதிரி. மரம் ஊதிச் சுருங்கி ஒட்டின இடம் விரியும். கம்பளித் துணியைப் பூச்சி தின்னும், தோல்ல செஞ்ச உதடு காய்ஞ்சு விறைக்கும். சென்னைக்காரங்க யோசிச்சு வாங்குங்க.

விலைன்னா, 1950-கள்ல பிபிசி ரேடியோவைக் கலக்கின ஆர்ச்சி ஆண்ட்ரூஸ், பீட்டர் ப்ரோவோட பொம்மை, 2005-ல ஏலத்துல 34,000 பவுண்டுக்குப் போச்சு. அதே மாதிரி செஞ்ச, ஆனா யாரும் மேடை ஏத்தாத ஒரு பொம்மைக்கு அந்த விலை வராது. குரல் போனப்புறமும் அந்தக் குரலுக்குத்தான் காசு.

அந்தக் குரல் போனா, பொம்மையை என்ன பண்றது? சார்லி இப்போ ஸ்மித்சோனியன்ல, வாஷிங்டன்ல. கண்ணாடிப் பெட்டி, டக்ஸிடோ, ஒத்தைக் கண்ணாடி, வாய் மூடியே இருக்கு. நம்ம நாட்டுல வேற மாதிரி நடந்திருக்கு. மும்பையில ஒய்.கே. பாத்யேவோட அர்த்தவட்ராவ், நூறு வயசைத் தாண்டின பொம்மை. அவருக்கப்புறம் மகன் ராம்தாஸ் பாத்யே அதே பொம்மைக்குள்ள கையை விட்டார். மராத்தி பேசறவங்ககிட்ட கேட்டுப் பாருங்க, அர்த்தவட்ராவைத் தெரியாதவங்க கொஞ்சம் பேர்தான் இருப்பாங்க.

அப்பாவோட பொம்மையை மகன் எடுத்துப் பேச வெச்ச வீடு ஒண்ணு. அப்பாவோட பொம்மைக்குப் பணம் போய், மகளுக்கு ஒண்ணும் வராத வீடு ஒண்ணு. கேண்டிஸ் அந்த உயில் பத்தி வெளிப்படையா எழுதினது 2015-ல வந்த புத்தகத்துல. அப்பா போய் கிட்டத்தட்ட 37 வருஷம் ஆகியிருந்துச்சு.