ஸ்டார்ட்டர் பெட்டிக்குள் எறும்பு

மோட்டார் உறுமுகிறது, ஓட மறுக்கிறது. மெயினை அணைத்துவிட்டு ஸ்டார்ட்டர் பெட்டியைத் திறந்தால், கான்டாக்டரின் பாயிண்டுகளுக்கு நடுவே எறும்புகள் நசுங்கிக் கருகிக் கிடக்கும். மூன்று பேஸில் ஒன்று தொடவில்லை. கவனிக்காமல் விட்டால் மோட்டாரின் காயில் எரிந்துவிடும். கதகதப்பும் இருட்டும் தேடித்தான் எறும்பு உள்ளே வருகிறது. ஷாக் அடித்ததும் சில இனங்கள் ஆபத்தை அறிவிக்கும் வேதிப்பொருளை வெளியிடும். அந்த வாடைக்கு மொத்தக் கூட்டமும் ஓடி வந்து மாட்டிக்கொள்கிறது. பூச்சிகளைத் தேடிப் பல்லியும் நுழையும்.

இண்டு இடுக்கில்லாமல் அடைத்துவிட்டால்? ‘ஐபி 65’ என்று குறித்த பெட்டியில் தூசியே புகாது, எறும்பு எப்படிப் புகும்? ஆனால் சூடும் வெளியேறாது. ஓவர்லோடு ரிலே சூட்டை வைத்துத்தான் மோட்டாரின் சுமையைக் கணக்கிடுகிறது. வெயிலில் பெட்டி கொதித்தால் சாதாரண ரிலே சுமை கூடாமலே ட்ரிப் ஆகிவிடும். எலெக்ட்ரானிக் பேனல் என்றால் இன்னும் மோசம். பத்து டிகிரி கூடினால் அதிலுள்ள மின்தேக்கியின் ஆயுள் ஏறத்தாழ பாதியாகிறது.

கோடியக்கரையில் இதோடு உப்புக்காற்றும் சேர்கிறது. கடலுப்பிலுள்ள மெக்னீசியம் குளோரைடு காற்றின் ஈரத்தை இழுத்துக்கொண்டு கசியும். எவ்வளவு அடைத்தாலும், பகலில் விரிந்து வெளியேறிய காற்று, இரவில் பெட்டி குளிர்ந்ததும் அந்த ஈரத்தோடு திரும்ப உள்ளே வரும். அகஸ்தியம்பள்ளி உப்பளங்களை ஒட்டிய இந்த ஊரில் மின்விசிறி வைத்துக் குளிர்விப்பது உப்பை விலைகொடுத்து உள்ளே அழைப்பதுதான்.

எனக்குச் சரியாகப் படுவது ஒரு பழைய வழி. தாமஸ் ஸ்டீவன்சன் கலங்கரை விளக்கங்கள் கட்டிய ஸ்காட்லாந்துப் பொறியாளர். 1864-இல் வெப்பமானிகளுக்கென ஒரு பெட்டியை வடிவமைத்தார்: வெள்ளை நிறம், பக்கங்களில் இரட்டைச் சாய்பலகைகள். வெயிலும் மழையும் படாது. காற்று மட்டும் தானாகப் புகுந்து போகும். வானிலை நிலையங்களில் இன்றும் அதைப் பார்க்கலாம்.

அதே தத்துவம் நம் பெட்டிக்கும் பொருந்தும். முதலில் நிழல்: பெட்டிக்கு மேல் நாலு விரல் இடைவெளி விட்டு இன்னொரு தகடு, வெள்ளைப் பெயின்ட். சூடான காற்று மேலே ஏறுவதால், கீழே ஒரு திறப்பும் மேலே ஒரு திறப்பும் வேண்டும்; இரண்டும் தரையைப் பார்த்து இருக்கட்டும். அவற்றில் மெல்லிய எவர்சில்வர் வலை. இரும்பு வலை இங்கே துருவாகி உதிர்ந்துவிடும். கண் சிறுத்தால் காற்று குறையும் என்பதால் திறப்பைப் பெரிதாக்க வேண்டும். வலையில் படியும் உப்பை அடிக்கடி பிரஷ்ஷால் தட்டிவிட வேண்டும்.

எறும்பின் பெருவழி கேபிள் நுழையும் ஓட்டைதான். கேபிளின் பருமனுக்கேற்ற கிளாண்ட் போட்டு இறுக்குங்கள். பழைய ஒயரை உருவிய ஓட்டை திறந்தே கிடந்தால், அதையும் அடைத்துவிடுங்கள்.