படித்தபடியே படியேறுவது எப்படி?

“கடிதத்தைப் படித்தபடியே படியேறினான்.” இரண்டாம் வகுப்புப் பிள்ளைக்கும் புரிகிற வாக்கியம்தான். ஆனால் இதில் ‘படி’ மூன்று இடத்தில் வருகிறது, மூன்றும் வேறு வேறு பொருளில். முதலாவது வாசிப்பது. இரண்டாவது, ஒரு செயல் நடக்கையிலேயே இன்னொன்றும் நடப்பதைச் சொல்லும் ஒட்டு. மூன்றாவது, கால் வைத்து ஏறுகிற கல்லோ மரமோ. கேட்பவர் எவரும் அவன் கடிதத்தின் மேல் ஏறினான் என்று நினைப்பதில்லை. அகராதியைப் புரட்டுவதும் இல்லை. கண் வரியைக் கடப்பதற்குள் மூன்று பொருளும் அதனதன் இடத்தில் அமர்ந்துவிடுகின்றன.

இது எப்படி நடக்கிறது? தமிழ் இலக்கணக்காரர்கள் பழங்காலத்திலேயே இதைக் கேட்டுவிட்டார்கள். கணினிக்கு மொழி கற்பிக்க முனைந்தவர்கள் 20ஆம் நூற்றாண்டின் நடுவில் கேட்டார்கள். இரு தரப்பும் வந்து சேர்ந்த விடை ஏறக்குறைய ஒன்றுதான்: ஒரு சொல்லின் பொருளை அதன் அக்கம்பக்கம் தீர்மானிக்கிறது. இதைப் புரிந்துகொண்டால், பல பொருள் தரும் சொல்லைக் குழப்பமில்லாமல் எழுதும் வழியும் பிடிபட்டுவிடும்.

எத்தனை படி?

முதலில் வினைச்சொல். அடிச்சொல்லாகப் பார்த்தால் ஒன்றுபோல் தெரியும் ‘படி’, இறந்தகாலத்துக்கு வந்ததும் இரண்டாகப் பிரிகிறது. பாடம் படித்தான், அலமாரியில் தூசி படிந்தது. ‘படித்’ என்று வல்லினம் வந்தால் வாசிப்பது, கற்பது, சில ஊர்களில் பாட்டுப் பாடுவது. ‘படிந்’ என்று மெல்லினம் வந்தால் தங்குவது, அமைவது, இணங்குவது. எண்ணெய் தடவி வாரினால் தலைமுடி படிகிறது. வெள்ளம் வடிந்தால் வண்டல் படிகிறது. மாட்டுச் சந்தையில் பேரம் படிகிறது. பெரியவர்கள் சொல்லுக்குப் பிள்ளைகள் கீழ்ப்படிகிறார்கள். மேலெழுந்து நின்ற ஒன்று அடங்கி ஓரிடத்தில் அமர்வது என்ற எண்ணம் இவை எல்லாவற்றிலும் ஓடுகிறது.

அடுத்தது பெயர்ச்சொல். மாடிப்படி, வாசற்படி, கொலுப்படி, அழகர்கோயில் பதினெட்டாம்படிக் கருப்பசாமி என்று வரும் இடங்களில் ஏறிச் செல்லும் படி. ‘வீட்டுக்கு வீடு வாசற்படி’ என்ற பழமொழியிலும் அதுவே.

அரிசிக் கடையில் கேட்டால் அது முகத்தலளவை. இரண்டு ஆழாக்கு ஓர் உழக்கு, இரண்டு உழக்கு ஓர் உரி, இரண்டு உரி ஒரு படி, எட்டுப் படி ஒரு மரக்கால், பன்னிரண்டு மரக்கால் ஒரு கலம். ஆக ஒரு கலத்துக்கு 96 படி. படியின் கொள்ளளவு ஊருக்கு ஊர் மாறியது; பட்டணம் படி பெரிது என்பார்கள். லிட்டரும் கிலோவும் வந்த பிறகும் இந்தப் படி பேச்சிலிருந்து போகவில்லை. 1967 தேர்தலில் தி.மு.க. ரூபாய்க்கு மூன்று படி அரிசி தருவதாகச் சொன்னது; அந்தத் தேர்தலைப் பற்றி எழுதும் எவரும் இன்றும் ‘படி’ என்றுதான் எழுதவேண்டியிருக்கிறது.

கூலியை நெல்லாக அளந்து போட்ட காலத்தில் ‘படியளப்பவன்’ என்றால் பிழைப்புக்கு வழி செய்பவன். கடவுளையும் முதலாளியையும் ஒரே வாயால் அப்படிச் சொன்னார்கள். இன்றைய அரசு ஊழியரின் சம்பளப் பட்டியலில் உள்ள அகவிலைப்படி, பயணப்படி, வீட்டு வாடகைப்படி ஆகியவற்றிலும் அளந்து கொடுப்பது என்ற எண்ணம் தெரிகிறது, நெல்லுக்குப் பதில் பணம் என்பதுதான் வேறுபாடு. பதிப்பகத்தில் இதே சொல் நகலைக் குறிக்கும்: கையெழுத்துப்படி, திருத்திய படி. பழைய இலக்கியத்தில் நிலத்துக்கும் ‘படி’ என்று பெயருண்டு.

கடைசியாக ஒட்டு. சட்டப்படி, சொன்னபடி, பார்த்தபடி, தெரியும்படி, எப்படி, மறுபடி என்று ஒரு பக்கத்தில் பத்து முறை வந்தாலும் கண்ணில் படாத ‘படி’ இதுதான். கடிதத்தின் முடிவில் கையெழுத்துக்கு மேலே ‘இப்படிக்கு’ என்று நிற்பதும் இதுவே.

தோற்றத்தை வைத்து உறவு கொண்டாடினால் மட்டும் ஏமாந்துபோவோம். ‘படிகம்’ என்பதில் ‘படி’ இருக்கிறது. உப்பு படிந்து படிகமாவதும் உண்மை. ஆனால் அந்தச் சொல் வடமொழி ஸ்படிகத்திலிருந்து வந்தது. நம் படிக்கும் அதற்கும் உறவில்லை.

தொல்காப்பியம் காட்டும் மூன்று வழி

தொல்காப்பியச் சொல்லதிகாரத்தின் முதல் இயலான கிளவியாக்கம் ‘பலபொருள் ஒருசொல்’ என்று இவற்றுக்குப் பெயர் வைத்து, இரண்டு வகையாகப் பிரிக்கிறது. அருகில் வரும் வினையால் பொருள் வேறுபட்டுத் தெரிவன ஒரு வகை. வினையால் வேறுபடாதவை இன்னொரு வகை. முதல் வகையில் பொருளை அறிய மூன்று வழிகளைக் காட்டுகிறது: வினை, இனம், சார்பு.

உரையாசிரியர்கள் இதற்கு எடுத்துக்கொண்ட சொல் ‘மா’. மாமரத்துக்கும் அந்தப் பெயர், குதிரைக்கும் அந்தப் பெயர். பூத்தது என்றால் மரம். இது வினையால் தெரிவது. மருதமரத்தோடு சேர்த்துச் சொன்னாலும் மரம்தான். இது இனத்தால் தெரிவது. போருக்குக் கவசம் அணிந்து நிற்பவன் ‘மா கொண்டுவா’ என்றால் குதிரை. இது சார்பால், அதாவது சூழ்நிலையால் தெரிவது.

நம் படிக்கு இதைப் பொருத்திப் பார்க்கலாம். ‘படி வழுக்கியது’ என்றால் வினையே சொல்லிவிடுகிறது. ‘படியும் மரக்காலும் பரணில் கிடந்தன’ என்றால் மரக்கால் என்ற இனம் சொல்லிவிடுகிறது. ‘படி வந்துவிட்டதா?’ என்பதில் வினையும் உதவாது, இனமும் இல்லை. மின்வாரிய அலுவலகத்தில் மாத இறுதியில் ஒருவர் அப்படிக் கேட்டால் பணம். அச்சகத்தில் பிழைதிருத்துபவர் கேட்டால் தாள்.

இரண்டாம் வகைக்கு வருவோம். ‘படி உடைந்துவிட்டது.’ கல்லும் உடையும், அரிசி அளக்கும் படியும் உடையும். வினை இரண்டுக்கும் பொது. இப்படி வரும்போது இன்னது என்று வெளிப்படையாகக் கிளந்து சொல்லவேண்டும் என்கிறது தொல்காப்பியம். பேச்சு வழக்கு இந்த விதியைத் தானாகவே பின்பற்றுகிறது. மாடிப்படி, அரிசிப்படி, பயணப்படி, கையெழுத்துப்படி என்ற கூட்டுச்சொற்கள் எல்லாம் இந்தத் தேவைக்காக முன்னால் ஓர் அடையாளத்தை மாட்டிக்கொண்டவையே.

அகராதிக்காரரின் வேலை

பழைய சொற்பொருள் நூல்களான நிகண்டுகள் பல பொருள் தரும் சொற்களைத் தனித் தொகுதியாகவே வைத்தன. திவாகர நிகண்டின் பதினொன்றாம் தொகுதி ஒருசொல் பல்பொருள் பெயர்களுக்கானது. சூடாமணி நிகண்டிலும் பதினொன்றாம் தொகுதி அதுவே. சூடாமணியின் அந்தத் தொகுதியில் சொற்கள் எதுகைப்படி, அதாவது இரண்டாம் எழுத்தைப் பார்த்து, அடுக்கப்பட்டிருக்கும். மனப்பாடத்துக்கு அது வசதி. 1732இல் வீரமாமுனிவர் சதுரகராதியைத் தொகுத்தபோது சொற்களை முதலெழுத்து வரிசையில் அடுக்கினார், தேடுவது எளிதாயிற்று.

ஆனால் பொருள்களை வரிசையாகப் போட்டுவிட்டால் மட்டும் அந்தச் சொல்லைப் பயன்படுத்தத் தெரிந்துவிடாது. ‘படி: கல்வி கல், அளவு, நகல், தங்கு, இணங்கு’ என்று உருப்போட்ட ஒருவர் ‘பேரம் படித்தது’ என்று எழுதக்கூடும். தற்கால அகராதி தொகுப்பவர் அதனால் வேறு வழியில் போகிறார். அச்சில் வந்த வாக்கியங்களை நூற்றுக்கணக்கில் திரட்டி, முதலில் வினை, பெயர், இடைச்சொல் என்று பிரிக்கிறார். வினையை ‘படித்’, ‘படிந்’ என்று இரு பதிவுகளாக்குகிறார். பிறகு ஒவ்வொன்றிலும் பக்கத்துச் சொற்களைப் பார்க்கிறார். தூசி, வண்டல், கறை ஒரு கட்டு. முடி, துணி மடிப்பு ஒரு கட்டு. பேரம் தனிக் கட்டு. ஒவ்வொரு கட்டும் ஒரு பொருள். 1992இல் வெளிவந்த ‘க்ரியாவின் தற்காலத் தமிழ் அகராதி’ பொருளோடு எடுத்துக்காட்டு வாக்கியங்களையும் தந்தது இந்தக் காரணத்தால்தான். சொல் எந்தச் சொற்களோடு சேரும் என்பதை விளக்கத்தைவிட வாக்கியம் சீக்கிரம் காட்டிவிடும்.

இயந்திரம் பட்ட பாடு

1949இல் அமெரிக்கக் கணிதவியலாளர் வாரன் வீவர், கணினியைக் கொண்டு மொழிபெயர்க்க முடியுமா என்று ஆராய்ந்து ஒரு குறிப்பு எழுதினார். ஒரு பக்கத்தை அட்டையால் மூடி, ஒரு சொல் மட்டும் தெரிகிற அளவுக்குத் துளை போட்டால் அந்தச் சொல்லின் பொருளைச் சொல்ல முடியாது. துளையை இருபுறமும் அகட்டி, பக்கத்துச் சொற்களும் தெரியும்படி செய்தால் ஒரு கட்டத்தில் பொருள் தெளிந்துவிடும் என்றார். வினையும் இனமும் என்று தொல்காப்பியம் சொன்னவை அந்த அகண்ட துளைக்குள் வந்துவிடுகின்றன.

சார்பு வரவில்லை. இதை 1960இல் இஸ்ரேலிய அறிஞர் யெஹோஷுவா பார்-ஹில்லெல் எடுத்துக்காட்டினார். ஆங்கிலத்தில் ‘பென்’ என்றால் பேனா. குழந்தைகள் விளையாடும் தடுப்படைப்புக்கும் அதே பெயர். ‘பெட்டி பென்னுக்குள் இருந்தது’ என்பதைச் சரியாகப் புரிந்துகொள்ள, பேனா பெட்டியைவிடச் சிறியது என்ற உலக அறிவு வேண்டும். அது வாக்கியத்தில் எழுதப்பட்டிருக்காது. ஆகவே இயந்திரத்தால் முடியாது என்றார்.

தமிழில் இதற்கு நேரான இரண்டு வாக்கியங்கள்: ‘படியில் தாத்தா உட்கார்ந்திருந்தார்.’ ‘படியில் அரிசி இருந்தது.’ தாத்தா அளவைப்படிக்குள் அடங்கமாட்டார் என்று நமக்குத் தெரியும். ‘படியில் அரிசி சிந்திக் கிடந்தது’ என்று மாற்றினாலோ, அரிசி அப்படியே இருக்க, ‘சிந்தி’ என்ற ஒரு சொல் நம்மை வாசலுக்குக் கொண்டுவந்துவிடுகிறது.

இன்றைய மொழி இயந்திரங்கள் கோடிக்கணக்கான வாக்கியங்களை உள்வாங்கி, ஒவ்வொரு சொல்லும் தன்னைச் சுற்றியுள்ள எந்தெந்தச் சொல்லோடு எவ்வளவு ஒட்டுகிறது என்று கணக்கிடுகின்றன. தாத்தாவும் உட்கார்வதும் எந்தப் படியோடு அடிக்கடி வந்தன என்ற பழக்கத்திலிருந்து விடையைப் பிடிக்கின்றன. பார்-ஹில்லெல் கேட்ட உலக அறிவில் ஒரு பங்கு இப்படி எழுத்துக்குவியலிலிருந்தே அவற்றுக்குக் கிடைத்துவிட்டது. ஆனாலும் தமிழில் எழுத்துக் குறைவாக உள்ள துறைகளில், வட்டார வழக்கில், அவை தடுமாறுவதைப் பார்க்கலாம்.

எழுதுகிறவருக்கு

தமிழ் எழுத்து முறை சில துப்புகளைத் தருகிறது. பெயருக்குப் பின் ஒட்டாக வரும் ‘படி’க்கு முன் ஒற்று மிகும்: சட்டப்படி, விதிப்படி, வழக்கப்படி. பெயரெச்சத்துக்குப் பின் மிகாது: சொன்னபடி, கேட்டபடி. ‘விதிபடி’, ‘சொன்னப்படி’ இரண்டும் பிழை.

இடைவெளியும் பேசும். ‘அவர் காட்டியபடி நடந்தேன்’ என்றால் அவர் காட்டிய வழியில் நடந்தேன். ‘அவர் காட்டிய படி ஆடியது’ என்றால் மரப்படி தளர்ந்திருக்கிறது. சேர்த்தெழுத வேண்டியதைப் பிரித்தெழுதினால் வாசகர் ஒரு கணம் படிக்கட்டுக்குப் போய்த் திரும்புகிறார்.

இத்தனை துப்பும் உதவாத இடங்கள் உண்டு. ‘தலைவர் எழுதியபடி பேசினார்.’ எழுதிக்கொண்டே பேசினாரா, எழுதிவைத்திருந்ததை ஒட்டிப் பேசினாரா? இரண்டும் சரியான தமிழ்தான். ‘எழுதிக்கொண்டே’ அல்லது ‘எழுதிவைத்திருந்தபடி’ என்று மாற்றினால் தீர்ந்தது. ‘மேலாளர் கணக்கரிடம் வரும்படி கேட்டார்’ என்பதும் இதே கதை. வருமானத்தைக் கேட்டிருந்தால் ‘வரும்படி எவ்வளவு என்று கேட்டார்’. அழைத்திருந்தால் ‘கணக்கரை வரும்படி சொன்னார்’.

‘தள்ளுபடி’யைப் பாருங்கள். கடன் தள்ளுபடி என்றால் விவசாயிக்கு நிம்மதி. துணிக்கடையில் தள்ளுபடி என்றால் கூட்டம். மனு தள்ளுபடி என்றால் வழக்கு போட்டவருக்கு அடி. முன்னால் நிற்கும் பெயரை எடுத்துவிட்டு ‘தள்ளுபடி ஆனது’ என்று மட்டும் தலைப்புப் போட்டால் செய்தியே இல்லை.

இந்த விதியைத் தலைகீழாகப் பிடித்து விளையாடியவர்கள் புலவர்கள். பாம்புக்கும் வாழைப்பழத்துக்கும் ஒருசேரப் பொருந்தும் சிலேடை பாடிய காளமேகம், இரண்டு பொருளுக்கும் ஒத்துப்போகும் பக்கத்துச் சொற்களை வேண்டுமென்றே தேடிக் கோத்தார். பொருளைப் பிரிப்பது அக்கம்பக்கம்தான் என்று தெரிந்தவரால்தான் அதைப் பிரியாமல் கட்டவும் முடியும்.

பத்திரம் எழுதுகிறவருக்கு அந்தச் சலுகை கிடையாது. பழைய பத்திரங்களில் ௸ என்ற குறியாகவும் வரும் ‘மேற்படி’, முன்னால் சொன்னதைச் சுட்டும் சொல். முன்னால் ஒரே ஆள் இருக்கும்வரை வசதிதான். அண்ணன், தம்பி இருவர் பெயரும் வந்த பிறகு ‘மேற்படியார் தொகையைச் செலுத்தவேண்டும்’ என்று எழுதினால், அந்தச் சார்பைத் தேடிக்கொண்டு இரு குடும்பமும் நீதிமன்றத்துக்குத்தான் போகும். வினை, இனம், சார்பு மூன்றையும் வாக்கியத்தில் தேடிப் பாருங்கள். எதுவும் கைகொடுக்கவில்லை என்றால் பெயரைச் சொல்லிவிடுங்கள்.