ஒரு நோய்க்கு மூன்று மருந்தா?
அரபு நாட்டு டாக்டர்களுக்கு ஒரு சிக்கல்

பக்கத்தில் ஆள் இல்லை. ஆனால் காதில் குரல் கேட்கிறது. "உன்னைக் கொல்லப் பார்க்கிறார்கள்" என்று அது சொல்கிறது!

இதுதான் மனச்சிதைவு நோய். உலகில் 2 கோடிப் பேருக்கு மேல் இந்த நோய் இருக்கிறது.

அரபு நாடுகளில் பல குடும்பங்கள், "ஜின் பிடித்துவிட்டது" என்று முதலில் ஓதிப் பார்க்கின்றன. பிறகுதான் டாக்டரிடம் வருகின்றன.

ஆனால் அங்கே மனநோய் வைத்தியம் புதிதல்ல. சுல்தான் கலாவூன் 1284-ல் கெய்ரோவில் கட்டிய ஆஸ்பத்திரியிலேயே மனநோயாளிகளுக்குத் தனி இடம் இருந்தது!

ஒன்றே போதும்

இந்த நோய்க்கு முதல் நல்ல மருந்து 1952-ல் பாரிஸ் நகரில் வந்தது. அதன் பெயர் குளோர்புரோமசைன். பிறகு பல மருந்துகள் வந்துவிட்டன.

ஒரு சமயத்தில் ஒரே மருந்து. இதுதான் மருத்துவ விதி. போதிய அளவில் சில வாரங்கள் கொடுத்துப் பார்க்க வேண்டும். குணம் தெரியாவிட்டால் வேறு மருந்துக்கு மாற்ற வேண்டும். இரண்டும் பயன்படாவிட்டால், குளோசபின் என்ற மருந்தைக் கொடுக்க வேண்டும்.

நடப்பது என்ன? புது மருந்தைத் தொடங்குகிறார்கள். பழையதை மெல்லக் குறைக்கிறார்கள். பாதி வழியில் நோயாளி தெளிகிறார். "இப்படியே இருக்கட்டும்" என்று இரண்டும் தொடர்கின்றன. சில மாதங்களில் மூன்றாவதும் சேர்கிறது!

கை நடுங்குகிறது. அதற்கு ஒரு மாத்திரை. அந்த மாத்திரையால் நாக்கு வறள்கிறது, மலம் கட்டுகிறது. சில மருந்துகளால் உடல் பருத்து, சர்க்கரை நோயும் வருகிறது. குவைத், சவூதி போன்ற நாடுகளில் சர்க்கரை நோய் ஏற்கெனவே அதிகம்.

ரத்தத்தில் ஒரு கணக்கு

குளோசபினை ஏன் கொடுப்பதில்லை? ரத்தத்தில் உள்ள வெள்ளை அணுக்களை அது சிலருக்குக் குறைத்துவிடும். பின்லாந்தில் 1975-ல் சிலர் இதனால் இறந்தார்கள். அதனால் அடிக்கடி ரத்தப் பரிசோதனை செய்ய வேண்டும்.

இங்கேதான் சிக்கல். அரபு மக்களில் பலருக்குப் பிறவியிலேயே ஒரு வகை வெள்ளை அணு குறைவு. அது நோய் அல்ல. ஆனால் ஐரோப்பியரை வைத்துப் போட்ட கணக்கில் அது ஆபத்தாகத் தெரியும். உடனே குளோசபின் நிறுத்தப்படுகிறது. அந்த இடத்தை வேறு இரண்டு மூன்று மருந்துகள் பிடித்துக்கொள்கின்றன!

அமெரிக்காவில் 2015-ல் விதியை மாற்றினார்கள். மருந்தைத் தொடங்க மற்றவர்களுக்கு அந்த அணு 1500 இருக்க வேண்டும். பிறவியிலேயே குறைவாக உள்ளவர்களுக்கு 1000 இருந்தால் போதும்.

சிகரெட்டும் நோன்பும்

ஜோர்டானில் ஆண்களிடம் புகைப்பழக்கம் மிக அதிகம். சிகரெட் புகை குளோசபின், ஓலன்சபின் மருந்துகளை உடலில் சீக்கிரம் கரைத்துவிடும். "மருந்து வேலை செய்யவில்லை" என்று இன்னொன்று சேரும்!

ரமலான் மாதத்தில் சிலர் பகல் மாத்திரையை விட்டுவிடுகிறார்கள். நோய் திரும்புகிறது. நோயாளிக்கு நோன்பிலிருந்து மார்க்கமே விலக்கு அளித்திருக்கிறது.

குடும்பம் கேட்க வேண்டியது

இரண்டு மருந்து தேவைப்படும் நோயாளிகளும் உண்டு. ஆகவே டாக்டரைக் கேட்காமல் எதையும் நிறுத்தக் கூடாது. திடீரென்று நிறுத்தினால் நோய் முற்றும்.

எல்லா மாத்திரைகளையும் ஒரு பையில் போட்டு எடுத்துச் செல்ல வேண்டும். சிகரெட், நோன்பு எதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். "இவற்றில் எது எதற்கு? எதைக் குறைக்கலாம்?" என்று டாக்டரிடம் கேட்க வேண்டும்.

அப்படிக் கேட்பது டாக்டரை அவமதிப்பது ஆகாது. நோயாளிக்குச் செய்யும் உதவி அது!